எஞ்சிய குளிசைகள்: மருந்துண்ணலின் அறம் பற்றி ஒரு நோக்கு

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் பெரும்பாலும் உணவின் அளவைப் பற்றியே பேசுகின்றது. நோயும் மருத்துவனும் அதன் பிற்பகுதியிலேயே இடம்பெறுகின்றனர். இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளுடையதாக வகுக்கின்றது: நோயுற்றவன், அந்நோயைத் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து அதனைக் கொடுப்பவன். நோயாளியின் படுக்கையைச் சூழ நிற்போர் யாவரும் இவ்வகுப்பினுள் அடங்கிவிடுகின்றனர். வள்ளுவர் காலத்து மருந்துக்கு இவ்வகுப்பு முற்றிலும் போதுமானது. ஒருவன் பருகிய கசாயம் அவனுக்குப் பயன்பட்டிருக்கும். அன்றேல் பயன்படாது போயிருக்கும். அவன் பருகியமையால் அயலூரில் வாழும் பிறிதொருவனுக்கு அதே கசாயம் வலுவிழந்துபோகும் என்பது அக்காலத்தில் எவரும் எண்ணிப்பார்த்திருக்க இயலாத ஒன்றாகும்.

இருபதாம் நூற்றாண்டு நமக்குக் கையளித்த ஒருவகை மருந்து இந்நிலையை மாற்றிவிட்டது. பேச்சுவழக்கில் ‘அன்ரிபயோட்டிக்’ என நாம் குறிப்பிடும் நுண்ணுயிர்க்கொல்லியே அது. அதனை உண்பவன் தன் நோயைத் தீர்த்துக்கொள்ளும் அதேவேளை, தான் என்றுமே காணாத ஒருவனின் நோய் தீரும் வாய்ப்பையும் சிறிதளவு தொட்டுவிடுகின்றான். ஆகவே, வள்ளுவர் வகுத்த நால்வரோடு ஐந்தாமவர் ஒருவரையும் நாம் இன்று கருத்திற் கொள்ளவேண்டியுள்ளது. அவர் படுக்கையருகே நிற்பவரல்லர், அவருக்குப் பெயரில்லை, இன்னும் பிறவாதவராகவும் இருக்கலாம். இத்தகைய ஒருவருக்கு நான் கடமைப்பட்டவனாதல் கூடுமா? கூடுமெனின் அக்கடமை யாது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மருந்தியல் என் துறையன்று. ஆயினும், மருத்துவ பீடத்தினருக்கு மட்டுமே உரிய வினாக்களாக இவை எனக்குத் தோன்றவில்லை.

மருந்து போதாமையால் இறந்த ஒருவரிடமிருந்து தொடங்குதல் பொருந்தும். 1941 பெப்ரவரியில் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரில், அல்பேட் அலெக்சாண்டர் என்னும் பொலிஸ்காரர் முகத்திலும் தலையிலும் பரவிய தொற்றினால் மரணத்தை அண்மித்திருந்தார். ஒரு கண் ஏற்கெனவே அகற்றப்பட்டிருந்தது. ஃபுளோரி, செயின், ஹீற்லி ஆகியோர் அடங்கிய குழு தான் பிரித்தெடுத்த பெனிசிலினை அவருக்கு ஏற்றியது. சில நாட்களுக்குள் காய்ச்சல் தணிந்தது. அவர் உணவருந்தத் தொடங்கினார். ஆனால், உலகில் அப்பொழுது இருந்த பெனிசிலின் அவ்வளவுதான். அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதில் வெளியேறிய மருந்தை மீளப் பிரித்தெடுத்து, அதனையும் அவருக்கே ஏற்றிப்பார்த்தனர். ஐந்து நாட்களில் யாவும் தீர்ந்துபோயிற்று. தொற்று மீண்டும் தலைதூக்கியது. மார்ச்சு நடுப்பகுதியில் அவர் இறந்தார். ஒரு மனிதனின் சிறுநீரிலிருந்துகூட மருந்தைத் தேடியெடுத்த காலத்துக்கும், என் மேசையின் இழுப்பறையில் கடதாசிப் பையொன்றினுள் ஆறு கப்சியூல்கள் மறக்கப்பட்டுக் கிடந்த காலத்துக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு மனித ஆயுளளவே.

மருந்து பெருகியபோது பிரச்சினையின் வடிவமும் மாறிற்று. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945 டிசெம்பரில் தம் நோபல் உரையின் இறுதியில் ஒரு சிறு கதையைக் கூறினார். தொண்டைநோவுற்ற ஒருவர் தாமாகவே பெனிசிலினை வாங்கி, கிருமியைக் கொல்லப் போதாத அளவில் உட்கொள்கின்றார். கிருமி இறக்காது, மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்கின்றது. அவரிடமிருந்து அது மனைவிக்குத் தொற்றுகின்றது. மனைவிக்கு நியூமோனியா ஏற்படுகின்றது, பெனிசிலின் கொடுக்கப்படுகின்றது, பயனில்லை, அவர் இறக்கின்றார். அந்த மரணத்துக்குப் பொறுப்பாளி யார் என்னும் வினாவை எழுப்பிய பிளெமிங், கணவனையே சுட்டினார்.

அறக்கதை என்ற வகையில் இது மிகத் திறம்பட அமைந்தது. குற்றவாளி ஒருவர், பலியானவர் ஒருவர், இருவரும் ஒரே வீட்டில் வாழ்பவர். காரணமும் காரியமும் ஒரே நூலிற் கோக்கப்பட்டுள்ளன. நமது அறவுணர்வு இத்தகைய கதைகளிலேயே பயின்று வளர்ந்தது. ஆயினும் இக்கதையில் ஒரு குறை உண்டு. பிளெமிங் தெரிந்தெடுத்த கிருமி, தொண்டைநோவுக்குக் காரணமான ஸ்ரெப்ரோகொக்கசு. விந்தை யாதெனில், எண்பது ஆண்டுகளாக உலகெங்கும் பெனிசிலினை எதிர்கொண்டுவரும் அவ்வகைத் தொண்டைக்கிருமி, அதனை முற்றாக எதிர்க்கும் ஆற்றலைப் பெற்றதாக இன்றுவரை மருத்துவ உலகிற் கண்டறியப்படவில்லை. கதையின் படிப்பினை நிலைத்துவிட்டது. கதை மட்டும் நிகழவில்லை. படிப்பினை சரியெனின் கதையின் பிழை பொருட்டன்று எனச் சிலர் கூறக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. கடமையொன்று எவ்வகை உண்மையின் மேல் நிற்கின்றதோ, அவ்வுண்மை அசையும்போது கடமையும் மீளாய்வுக்குரியதாகின்றது.

உயிரியல் இன்று கூறுவதைச் சுருக்கமாக நோக்குவோம். கிருமிக்கு எதிர்ப்பாற்றலை மருந்து கற்பிப்பதில்லை. கோடிக்கணக்கில் பெருகும் பற்றீரியாக்களிடையே விகாரத்தினால் அவ்வாற்றலைப் பெற்றவை சில எப்போதும் தோன்றுகின்றன. மருந்து மற்றையவற்றைக் கொன்று, அவற்றுக்கு இடமொழித்துக் கொடுக்கின்றது. டார்வின் விளக்கிய இயற்கைத் தேர்வே இது. காடுகளில் நூற்றாண்டுக் கணக்கிலும், நம் குடலினுள் நாட்கணக்கிலும் நிகழ்கின்றது. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியத்தை ஏபிரகாமும் செயினும் 1940 இறுதியில் அறிவித்தனர். அலெக்சாண்டருக்கு மருந்து ஏற்றப்படுமுன்பே அதன் எதிரி பெயரிடப்பட்டிருந்தது. மேலும், எதிர்ப்பாற்றலைத் தரும் பரம்பரையலகுகள் ஒரு பற்றீரியாவிலிருந்து வேறோர் இனப் பற்றீரியாவுக்கே கடந்துசெல்ல வல்லவை. யப்பானிய ஆய்வாளர்கள் வயிற்றுளைவுக் கிருமியில் இதனை 1959 அளவில் எடுத்துக்காட்டினர். ஆகவே, தொண்டைக்காக நான் உண்ணும் மருந்தின் முழுக் கதையும் தொண்டையில் நிகழ்வதன்று. என் குடலிலும் தோலிலும் தீங்கின்றி வாழும் எண்ணற்ற பற்றீரியாக்களும் அதே மருந்தில் நனைகின்றன. அவற்றுள் எஞ்சுபவை எதிர்ப்புடையவை. அவை பின்னொருநாள் நோய்க்கிருமிக்குத் தம் ஆற்றலைக் கைமாற்றலாம். தாமே சிறுநீர்ப்பையை அடைந்து நோயாகலாம்.

இங்கேதான் நாம் சிறுவயது முதற் கேட்டுவந்த கட்டளை சிக்கலுக்குள்ளாகின்றது. ‘சுகம் வந்தாலும் குளிசை முழுவதையும் போட்டு முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி பலம்பெறும்’ என்பது அக்கட்டளை. காசநோயைப் பொறுத்தவரை இது முற்றிலும் உண்மை. ஸ்ரெப்ரோமைசின் தனியாகக் கொடுக்கப்பட்ட 1940களின் இறுதியில், முதலிற் தேறிய நோயாளர் பலர் சில மாதங்களில் மருந்தை எதிர்க்கும் கிருமியோடு மீண்டும் வீழ்ந்தனர். அதனாலேயே இன்றும் வழமையான காசநோய்க்கு முதலிரு மாதங்கள் நான்கு மருந்துகளும் அடுத்த நான்கு மாதங்கள் இரண்டு மருந்துகளும் ஒருங்கே கொடுக்கப்படுகின்றன. இடையில் நிறுத்துபவர் தமக்கும் தம் வீட்டாருக்கும் ஆபத்தை வளர்க்கின்றார். ஸ்ரெப்ரோகொக்கசுத் தொண்டைநோவுக்குப் பெனிசிலினைப் பத்து நாட்கள் கொடுக்கும் வழக்கமும் நியாயமானதே. ஆயின் அதன் காரணம் வேறு: வாதக்காய்ச்சல் தோன்றி இதய வால்வுகளைத் தாக்காதிருத்தல். அங்கே குளிசையை முடிப்பது பிள்ளையின் இதயத்துக்காகவேயன்றி உலகுக்காகவன்று.

ஏனைய பல தொற்றுகளில் நிலைமை மாறானது. மருந்து உடலில் எத்தனை நாள் இருக்கின்றதோ அத்தனை நாளும் குடலிலுள்ள பற்றீரியாக்களிடையே தேர்வு நடைபெறுகின்றது. எனவே, தேவைக்கு மேற்பட்ட நாட்கள் எதிர்ப்பைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டக்கூடும். 2017இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் ஆங்கில மருத்துவர் சிலர் எழுதிய கட்டுரையொன்று, ‘முழுவதையும் முடி’ என்னும் பொதுக்கட்டளைக்குப் பெரும்பாலான தொற்றுகளில் ஆதாரம் இல்லை என வெளிப்படையாகவே கூறியது. கடுமையற்ற நியூமோனியா போன்றவற்றுக்கு முன்னர் பத்து நாட்கள் எழுதப்பட்டவிடத்து, இன்று ஐந்து நாட்களே போதுமெனப் பல வழிகாட்டல்கள் கூறுகின்றன.

அவ்வாறாயின், சுகம் வந்த கணமே குளிசையை நிறுத்திவிடலாமா? இம்முடிவுக்குத் தாவுவோர் பிளெமிங்கின் கதையை நம்பியோரைவிடப் பெரும் பிழை செய்கின்றனர். எத்தனை நாள் போதும் என்பது நோய்க்கு நோய், உறுப்புக்கு உறுப்பு வேறுபடுவது. என்புத் தொற்றும் சிறுநீர்ப்பைத் தொற்றும் ஒன்றல்ல. காய்ச்சல் தணிந்தமை என் உணர்வு. தொற்று அடங்கியமை வேறொரு செய்தி. முதலாவதை நான் அறிவேன். இரண்டாவதை அறிதற்கு வைத்தியரின் அறிவு வேண்டும். பொதுக்கட்டளை தளர்ந்த இடத்தை நிரப்பவேண்டியது என் மனம்போன போக்கன்று. எனக்கென எழுதப்பட்ட அளவும், ஐயம் எழும்போது எழுதியவரிடமே மீண்டுசென்று கேட்கும் பழக்கமும்தான்.

வைத்தியர் எழுதும் அத்துண்டுச்சீட்டை நாம் வெறும் ஆணையாகக் காண்பது வழக்கம். உற்றுநோக்கின், அது இருவர் சேர்ந்தியற்றும் முடிவெனத் தோன்றும். ‘எட்டு மணித்தியாலத்துக்கு ஒன்று’ என்பதன் பின்னால் ஒரு காரணம் இருக்கின்றது. அமொக்சிசிலின் போன்றவை இரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட செறிவுக்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பதே கிருமியின் சாவைத் தீர்மானிக்கின்றது. காலையிலும் நண்பகலிலும் அடுத்தடுத்து விழுங்கிவிட்டு இரவு முழுதும் வெறுமனே விடுதல் மூன்று குளிசையை உண்டதாகாது. ஒருவேளை தவறின் நினைவு வந்தவுடன் எடுத்தல் நன்று. அடுத்த வேளை நெருங்கிவிட்டதாயின் தவறியதை விட்டுவிடவேண்டுமேயன்றி இரண்டையும் ஒன்றாக விழுங்கலாகாது. டொக்சிசைக்கிளினைப் பாலுடனோ இரும்புச்சத்துக் குளிசையுடனோ உண்டால் அது அவற்றோடு பிணைந்து உடலிற் சேராது குறையும். போதிய நீரின்றி விழுங்கிவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். இவை வைத்தியரும் மருந்தாளரும் சொல்லவேண்டியவை. நோயாளி சொல்லவேண்டியவையும் உண்டு: முன்னர் பெனிசிலினால் உடல் தடித்ததா, சிறுநீரகக் குறையுண்டா, கருவுற்றிருக்கின்றாரா, வேறென்ன மருந்து உண்கின்றார், இச்சீட்டை வாங்க வருமுன் கடையில் எதையேனும் வாங்கி விழுங்கினாரா. இக்கடைசி வினாவுக்கு நம்மிற் பலர் பொய்யுரைப்போம். ஏச்சுக்கு அஞ்சிச் சொல்லப்படும் அச்சிறுபொய், வைத்தியரின் கணிப்பு முழுவதையும் திசைதிருப்பக்கூடியது.

‘என்ன வந்தாலும் முடித்தே தீரவேண்டும்’ என்று கட்டளையைச் சடங்காக்கியோருக்கு இன்னொன்று கூறவேண்டும். குளிசை உண்டபின் உடலெங்கும் தடித்தெழுந்தாலோ, உதடு வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ அதனை அக்கணமே நிறுத்தி வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். கடுமையான வயிற்றோட்டம் ஏற்படினும் வைத்தியரிடம் திரும்பிச் செல்லல் வேண்டும். விதியின் காரணத்தை அறியாது விதியை மட்டும் பற்றிநிற்பவருக்கு, அது எவ்விடத்தில் நின்றுவிட வேண்டுமென்பது தெரியாது. நோயாளிக்குக் காரணத்தை விளக்க நேரமில்லாது, ‘கிருமி பலம்பெறும்’ என அச்சுறுத்தி அனுப்பும் வைத்தியர், பிளேட்டோ தம் ‘குடியரசில்’ ஆள்வோருக்கு அனுமதித்த நற்பொய்யைச் சொல்பவராகின்றார். அறுபது நோயாளர் வெளியே காத்திருக்கும் காலைவேளையில் அவரைக் குறைகூறல் எளிதன்று. ஆனால், நற்பொய் ஒருநாள் வெளிப்படும்போது அதனோடு சேர்ந்து உண்மைகளும் நம்பகமிழக்கின்றன.

இனி, என்னைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். மாணவனாக விடுதியில் இருந்தபோது மழைக்காலமொன்றிற் கடுந்தடிமன் பிடித்தது. அறைத்தோழர் தம் பெட்டியைத் துழாவி நான்கு அமொக்சிசிலின் கப்சியூல்களை எடுத்துத் தந்தார். முந்திய தவணையிற் தமக்கு எழுதப்பட்டவற்றின் மிச்சம். இரண்டு நாளிற் சுகமாயிற்று. தடிமன் வைரசினால் வருவது. நுண்ணுயிர்க்கொல்லிக்கும் அதற்கும் தொடர்பில்லை. கப்சியூல் இல்லாமலும் அது தீர்ந்திருக்கும் என்பதை நான் அப்போது அறியேன். நான் அறிந்திருந்தது அவருடைய அன்பை மட்டுமே. சம்பலையும் பாணையும் போலவே அவர் மருந்தையும் பகிர்ந்துகொண்டார்.

இவ்விடயத்தின் மிகக் கடினமான பகுதி இதுவென்றே எண்ணுகின்றேன். நம் சமூகத்தில் ஒருவரையொருவர் தாங்கிநிற்கும் நற்குணம் எதுவோ, அதுவே இங்கு தவறின் வாயிலாகின்றது. மிச்சமுள்ளதை இல்லாதவருக்குக் கொடுத்தல் என்பது உணவிலும் உடையிலும் புத்தகத்திலும் அறம். நுண்ணுயிர்க்கொல்லியில் மட்டும் அது அறமன்று எனச் சொல்லும்போது, நாம் ஒருவரிடமுள்ள தீயகுணத்தைத் திருத்தவில்லை. அவருடைய நற்குணத்தின் ஒரு கிளையை வெட்டச் சொல்லுகின்றோம். கஞ்சத்தனத்தைக் கண்டிப்பதைவிட இது எவ்வளவோ கடினம்.

நானும் அக்கிளையை நெடுங்காலம் வெட்டவில்லை. பல ஆண்டுகளின் பின், தனியே வாழும் என் சின்னம்மாவுக்குக் காய்ச்சலெனத் தொலைபேசியில் அறிந்து, எனக்கு எழுதப்பட்டு எஞ்சியிருந்த ஆறு கப்சியூல்களை ஊருக்குச் சென்ற ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். நான் மேலே குறிப்பிட்ட இழுப்பறையில் இருந்தவை அவையே. ஓராண்டுக்குள் அவர் குளிரும் நடுக்கமுமாய் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார். சிறுநீர்த் தொற்று இரத்தத்திற் கலந்திருந்தது. வளர்ப்புச் சோதனையின் அறிக்கை வந்தபோது நான் அருகில் நின்றேன். மருந்துகளின் பெயர்கள் ஒன்றன்கீழொன்றாய் இருக்க, அவற்றின் எதிரே எதிர்ப்பைக் குறிக்கும் ‘ஆர்’ என்னும் எழுத்து வரிசையாக இறங்கியது. இளம் வைத்தியர் விரலால் அவ்வரிசையைத் தொடர்ந்து சென்று, ஏறக்குறைய அடியில், மெரோபெனெம் என்ற பெயரில் நிறுத்தினார்.

“அம்மா, இதுக்கு முதல் என்னென்ன குளிசை எடுத்தனீங்கள்?”

“காய்ச்சலெண்டாக் கடையில கேட்டு வாங்கிப் போடுறதுதான், தம்பி. பேரெல்லாம் ஆருக்குத் தெரியும்?”

நான் வாய்திறக்கவில்லை. அவ்விரவு வைத்தியரைத் தனியே கண்டு சொன்னேன். “அதாலதான் எண்டு சொல்ல ஏலாது, இல்லையெண்டும் சொல்ல ஏலாது” என்றார். நுண்ணுயிர்க்கொல்லி உண்டவரிடத்தில் எதிர்ப்புடைய பற்றீரியாக்கள் மாதக்கணக்கில், சிலவேளை ஓராண்டுவரைகூடத் தங்கியிருத்தல் அறியப்பட்டதே. ஐந்தாமவர் எப்போதும் அந்நியரே என்பதில்லை. நாம் உண்பதன் விளைவு முதலில் நம் எதிர்கால உடலையும் நம் வீட்டாரையுமே தேடிவருகின்றது.

அவர் கூறிய இரட்டை மறுப்பிலேயே மெய்யியற் பிரச்சினை முழுதும் அடங்கியுள்ளது. 2019இல் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேரின் மரணத்துக்கு மருந்தெதிர்ப்புடைய பற்றீரியாக்கள் நேரடிக் காரணமாயின என 2022இல் வெளிவந்த ஒரு பெரும் ஆய்வு மதிப்பிட்டது. ஆனால், அவற்றுள் ஒரு மரணத்தையேனும் எடுத்து, இன்னார் உண்ட இன்ன குளிசையால் வந்தது எனச் சுட்டல் இயலாது. பிளெமிங்கின் கதையிலிருந்த நூல் அறுந்துவிட்டது. நூல் அறுந்தவிடத்தில் குற்றமும் இல்லாதுபோகின்றதா?

இதற்கு ஆங்கில மெய்யியலாளர் ஜொனதன் குளோவர் 1975இல் எழுதிய ஓர் எடுத்துக்காட்டு உதவும். நூறு பேர் உணவருந்த அமர்ந்திருக்கின்றனர். ஒவ்வொருவர் கிண்ணத்திலும் நூறு அவரைவிதைகள். ஆயுதம் தாங்கிய நூறு கொள்ளையர் வந்து, ஆளுக்கொரு கிண்ணத்தைப் பறித்துண்டு செல்கின்றனர். கொள்ளையருள் சிலருக்கு மனச்சான்று உறுத்துகின்றது. அடுத்த தடவை அவர்கள் வேறொரு முறையைக் கையாளுகின்றனர்: ஒவ்வொரு கொள்ளையனும் ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரே ஒரு விதையை எடுக்கின்றான். ஒரு விதை குறைவதை எவரும் உணரார். ஆகவே ‘நான் எவருக்கும் தீங்கிழைக்கவில்லை’ என ஒவ்வொருவனும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நூறு பேரும் முன்போலவே பட்டினி. உணரப்படாத தீங்கு தீங்கன்று என்னும் கணக்கு எங்கோ பிழைக்கின்றது என்பதை இது தெளிவாகக் காட்டுகின்றது. விடுதியிலே நான் விழுங்கிய நான்கு கப்சியூல்களும் நான்கு விதைகள்.

ஆயினும் இவ்வுவமையை முழுமையாக ஏற்றுக்கொள்வதற்கில்லை. கொள்ளையன் ஒரு விதையையும் எடுக்காதிருக்கலாம். நோயாளி அவ்வாறிருக்க இயலாது. மெய்யாகவே நியூமோனியா கண்ட குழந்தைக்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தே ஆகவேண்டும். அதுவும் பொதுக்கிண்ணத்திலிருந்து ஒரு விதையை எடுக்கத்தான் செய்கின்றது. கான்ற் கூறியவாறு, என் செயலின் விதியை யாவருக்கும் பொதுவிதியாக்க முடியுமா எனக் கேட்டாற்கூட இவ்விடர் தீராது. தேவையானவர் மட்டும் தேவையான அளவு உண்ணல் என்பதைப் பொதுவிதியாக்கினாலும் எதிர்ப்பு வளரும். மெதுவாக வளரும், அவ்வளவே. இங்கு கறைபடாத கை ஒருவருக்கும் இல்லை. ஆகவே, ‘இதனால் எவருக்கேனும் தீங்குண்டா’ என்று கேட்பது பயனற்றது. ‘நான் எடுக்கும் விதைக்கு ஈடாக ஓர் உயிரோ ஓர் உறுப்போ உண்மையிற் காக்கப்படுகின்றதா’ என்பதே கேட்கத்தக்கது. சின்னம்மாவுக்கு ஏற்றப்பட்ட மெரோபெனெமுக்கு அவ்விடை உண்டு. என் தடிமனுக்கு இல்லை. கோழிப்பண்ணைகளிற் பறவைகள் விரைந்து கொழுப்பதற்காகத் தீனியில் கலக்கப்படும் மருந்துக்கு அறவே இல்லை. அதனைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.

கடமையைத் தனிமனிதன் தோளில் மட்டும் சுமத்துதலும் நீதியாகாது. நாட்கூலி பெறும் ஒருவர் ஏழு நாள் மருந்துக்குப் பணமின்றி மூன்று நாளுக்கு மட்டும் வாங்குவாராயின், அவரிடம் ஐந்தாமவரைப் பற்றி உரையாற்றுதல் நகைப்புக்கிடமானது. 1971இல் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து அறிக்கை சமர்ப்பித்து, அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக அமர்ந்த மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே, தேவையான மருந்தை வணிகப்பெயரின்றி மலிவாகப் பெற்றுத்தருதலும் தேவையற்றதைத் தவிர்த்தலும் ஒரே கொள்கையின் இருபக்கங்கள் எனக் கண்டார். 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் நம் வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டபோது, எழுதப்பட்டதை முழுதும் உண்ணுதல் என்பது பலருக்கு விருப்பத்தின்பாற்பட்டதாக இருக்கவில்லை.

1956இல் சென்னையில் அமைந்த காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தின் அனுபவமும் இங்கு கருதற்பாலது. வறிய நோயாளரை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும், நல்லுணவும் ஓய்வும் தரும் சனற்றோரியத்திற் பெறும் பலனுக்கு அண்மித்த பலன் கிடைக்கும் என 1959இல் அது எடுத்துக்காட்டியது. ஆனால், வீடு சென்ற நோயாளர் மருந்தை ஒழுங்காக உண்கின்றனரா என்னும் கவலை அதனோடு கூடவே எழுந்தது. அந்நிலையத்தோடு தொடர்புடைய வாலஸ் ஃபொக்ஸ் முதலானோர் அதனை ஆராய்ந்தனர். பிறரின் கண்முன்னே குளிசையை விழுங்கச் செய்யும் முறை இத்தகைய ஆய்வுகளிலிருந்தே வளர்ந்தது. வளர்ந்த மனிதனைச் சிறுபிள்ளைபோல் நடத்தும் முறையென அதனைக் கண்டிப்போர் உளர். நாள்தோறும் ஒருவர் வந்து ‘போட்டாச்சா’ எனக் கேட்பதைத் தம்மீதான அக்கறையாகக் கொண்ட நோயாளரும் இருந்திருப்பர். கேட்பவர் எவ்வாறு கேட்டார் என்பதிலேயே வேறுபாடு தங்கியிருக்கும் போலும்.

சின்னம்மா பதினான்கு நாட்களின் பின் வீடு திரும்பினார். அடுத்த மாதம் அவரைப் பார்க்கச் சென்றபோது, சுவாமிப்படத்தின் பின்னாலிருந்து ஒரு கடதாசிப் பையை எடுத்து என்னிடம் நீட்டினார். “நீ அனுப்பினது அப்பிடியே கிடக்கு, ராசா. அண்டைக்கு அடுத்த நாளே காய்ச்சல் விட்டிட்டுது. அவசரத்துக்கு ஆருக்கும் உதவுமெண்டு வைச்சனான்.”

ஆறும் இருந்தன. என் நெஞ்சிலிருந்து பெருஞ்சுமையொன்று இறங்கியதை நான் மறுக்கமாட்டேன். பேணாட் வில்லியம்சும் தோமஸ் நேகலும் 1976இல் ஒரு கருத்தரங்கில் எழுப்பிய வினா அதன்பின்னரே எனக்கு விளங்கத் தொடங்கிற்று: செயலின் விளைவு நற்பேற்றினால் மாறும்போது, செய்தவனின் குற்றமும் மாறுகின்றதா? நான் அனுப்பிய நாளில் அவர் உண்ணமாட்டார் என்பது எனக்குத் தெரியாது. அனுப்பிய கையும் எண்ணமும் அவ்வாறே இருந்தன. ஆயினும் மனம் இலேசாயிற்று; அந்த இலேசு எனக்கு உரியதுதானா என்பதை இன்றுவரை என்னால் முடிவுசெய்ய இயலவில்லை. பையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு நாளாகத் தொண்டைநோவென்றும், அதிலிருந்து இரண்டைக் கொடுத்தால் என்னவென்றும் அவர் கேட்டார். நாங்கள் இருவருமாக வேலியைக் கடந்து சென்று, பிள்ளையின் தாயாரிடம் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்லும்படி கூறினோம். வெறுங்கையோடு போனமை சின்னம்மாவுக்குச் சிறிதும் பிடிக்கவில்லை.